கன்னியாகுமரியில் முதல் மூன்று நாள்: படகு, நடை, வெயில் பார்த்துப் போடும் திட்டம்

கன்னியாகுமரிக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒரே ஒரு ராத்திரிதான் தங்குகிறார்கள். ராமேஸ்வரம் முடித்துவிட்டுச் சாயங்காலம் வந்து இறங்குவது, மறுநாள் உதயம் பார்ப்பது, படகு வரிசையில் நிற்பது, மதியச் சாப்பாட்டோடு திருவனந்தபுரம் கிளம்புவது. அன்றைக்குக் கடல் கொந்தளித்துப் படகு நின்றுபோனால் விவேகானந்தர் பாறையும் இல்லை, வள்ளுவர் சிலையும் இல்லை. கரையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதான்.

சென்னை, கோவை, பெங்களூரு என்று தொலைவிலிருந்தோ, சிங்கப்பூர், மலேசியாவிலிருந்தோ விடுமுறை எடுத்து வருகிறவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடுங்கள். மூன்று பகல் ஒதுக்குங்கள். இந்த ஊரின் நேரத்தை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: படகு காலை 8 முதல் மாலை 4 வரைதான், அதுவும் கடல் விட்டால்தான், கோவில்களும் பத்மநாபபுரம் அரண்மனையும் மதியம் சாத்திவிடும், பதினொன்றிலிருந்து மூன்று வரை கடற்கரையில் நிற்க முடியாத வெயில். திட்டத்தை இவற்றைச் சுற்றித்தான் போட வேண்டும்.

எந்த மாதம்

ஜனவரி, பிப்ரவரி சிறந்தவை. மழை ஓய்ந்திருக்கும், கடல் ஓரளவு அடங்கியிருக்கும். ஆனால் கார்த்திகை பிறந்ததிலிருந்து தை முதல் வாரம் வரை ஐயப்ப பக்தர்கள் சீசன். அறை வாடகை ஏறும், படகு வரிசை தெருவரை நீளும். ஜனவரி கடைசியில் வந்தால் இரண்டு தொல்லையும் இல்லை.

இந்த மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் உண்டு. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழையைவிடக் காற்றுதான் பெரிய விஷயம். ஆரல்வாய்மொழி கணவாய் வழியாகப் புகும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. அந்த மாதங்களில் குடை பிடிக்க முடியாது, மணல் கன்னத்தில் குத்தும், படகு அடிக்கடி நிற்கும். அருவியும் பச்சையும் பார்க்க மட்டும் என்றால் அப்போதே வரலாம்.

அஸ்தமனத்துக்கும் மாதக் கணக்கு உண்டு. அக்டோபர் நடுவிலிருந்து மார்ச் நடுவரை சூரியன் கடலில் இறங்குவதைக் குமரிமுனையிலிருந்தே பார்க்கலாம். கோடையில் சூரியன் வடமேற்கே நகர்ந்து நிலத்தின் பக்கம் மறையும். "கன்னியாகுமரியில் உதயமும் அஸ்தமனமும் கடலில்" என்று கேள்விப்பட்டு மே மாதம் வருகிறவர்கள் ஏமாறுவது இதனால்தான். அவர்களுக்கு வழி, மேற்குக் கரையில் இருக்கும் முட்டம். அங்கே கரை வடமேற்காக வளைந்து போவதால் வருடம் முழுக்கக் கடலில்தான் அஸ்தமனம்.

உதயத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை, எந்த மாதமும் கடலிலிருந்துதான். நேரம் மட்டும் காலை 6 மணிக்கும் 6.40-க்கும் இடையில் மாறும். பிப்ரவரியில் மிகத் தாமதம், மே கடைசியில் மிகச் சீக்கிரம்.

வந்து சேர்வது

சென்னை எழும்பூரிலிருந்து கன்னியாகுமரி எக்ஸ்பிரஸ் மாலையில் கிளம்பி விடியலில் கொண்டுவந்து விடும். கன்னியாகுமரி ரயில் நிலையத்திலிருந்து கடற்கரை சுமார் ஒரு கிலோமீட்டர். பெட்டி கனமில்லை என்றால் நடந்தே போகலாம். எழும்பூரிலிருந்து வரும் வந்தே பாரத் நாகர்கோவிலோடு நின்றுவிடும், புதன்கிழமை ஓடாது. டிக்கெட் போடும்போது நாகர்கோவில் ஜங்ஷன், நாகர்கோவில் டவுன் என்று இரண்டு நிலையங்கள் இருப்பதைக் கவனியுங்கள். ஜங்ஷன் கோட்டாறு பக்கம் இருக்கிறது. அங்கிருந்து ஆட்டோவில் அண்ணா பேருந்து நிலையம் போனால் கன்னியாகுமரிக்குச் சில நிமிடங்களுக்கு ஒரு பேருந்து உண்டு. சுமார் 20 கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். சென்னை, மதுரை போன்ற வெளியூர்ப் பேருந்துகள் வந்து நிற்பது வடசேரியில். அண்ணா நிலையத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

விமானம் என்றால் திருவனந்தபுரம், சுமார் 90 கிலோமீட்டர். வரைபடம் இரண்டரை மணி நேரம் காட்டினால் மூன்றரை என்று வைத்துக்கொள்ளுங்கள். களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை மூன்றும் நெரிசலான கடைத்தெருக்கள், சாலை அவற்றின் நடுவேதான் போகிறது.

இன்னொரு குழப்பம் கோவளம். கேரளத்தில் இருக்கும் பிரபலமான கோவளம் வேறு, குமரிமுனைக்கு மேற்கே பக்கத்திலேயே இருக்கும் மீனவர் ஊரான கோவளம் வேறு. அறை பதியும்போதும், ஆட்டோவில் "கோவளம்" என்று சொல்லும்போதும் எது என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். உள்ளூர்க் கோவளத்துக்குப் போகும் வழியில்தான் அஸ்தமனம் பார்க்கும் இடம் இருக்கிறது.

அறை

"கடல் தெரியும் அறை" என்ற சொல்லை நம்பிப் பணம் கட்டாதீர்கள். மூன்று கேள்வி கேளுங்கள்: பால்கனி கிழக்கே பார்க்கிறதா, எத்தனையாவது மாடி, முன்னால் வேறு கட்டடம் இருக்கிறதா. கிழக்குப் பார்த்த மாடி அறை கிடைத்தால் உதயத்துக்கு வெளியே இறங்க வேண்டியதே இல்லை. தெற்குப் பார்த்த அறையில் கடல் தெரியும், உதயம் தெரியாது. விலை ஏறக்குறைய ஒன்றாகவே சொல்வார்கள்.

அமைதி வேண்டும் என்றால் கடைத்தெருவை விட்டுச் சற்றே விலகி, விவேகானந்தபுரம் பக்கம் பாருங்கள். விவேகானந்த கேந்திர வளாகத்திலும் தங்கும் அறைகள் உண்டு. மரங்களும் மயில்களும் உள்ள பெரிய வளாகம், உதயம் பார்க்கத் தனிக் கடற்கரை. ஆனால் சாப்பாடு சைவம், சட்டதிட்டங்கள் உண்டு. மீன் சாப்பிடவே குமரிக்கு வருகிறவர்களுக்கு அது சரிப்படாது. இரவு வாழ்க்கை என்று எதையும் எதிர்பார்க்காதீர்கள். பத்து மணிக்கு ஊர் அடங்கிவிடும்.

முதல் நாள்: மெதுவாக

காலையில் வந்து இறங்கியிருந்தாலும் முதல் நாளே படகுக்கு ஓடுவது பெரிய தவறு. ராத்திரி ரயில் அலுப்போடு வரிசையில் நின்றால் மீதி நாள் படுக்கையில்தான். படகுத்துறைப் பக்கம் ஒரு நடை போய் இன்று ஓடுகிறதா, எத்தனை மணிக்குத் தொடங்கியது, வரிசை எவ்வளவு என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். நாளைக்கு எப்படி இருக்கும் என்பது அதிலேயே பாதி தெரிந்துவிடும்.

மதியம் தூங்குங்கள். நான்கு மணிக்கு மேல் காந்தி மண்டபம். 1948-ல் காந்தியின் அஸ்தியைக் கடலில் கரைக்கும் முன் மக்கள் பார்வைக்கு வைத்த இடத்தில் 1956-ல் கட்டியது. அக்டோபர் 2 நண்பகலில் அஸ்தி வைத்த இடத்தில் வெயில் விழும்படி கூரையில் துளை அமைத்திருக்கிறார்கள். பக்கத்திலேயே காமராஜர் மணிமண்டபம். இரண்டுக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் தாராளம்.

பிறகு பகவதி அம்மன் கோவில். மதியம் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தி, நான்கு மணிக்குத் திறப்பார்கள். ஆண்கள் சட்டையையும் பனியனையும் கழற்றித்தான் உள்ளே போக வேண்டும். அரைக்கால் சட்டை வேண்டாம், வேட்டி அல்லது முழுக்கால் சட்டை. அம்மன் கிழக்கே கடலைப் பார்த்து நின்றாலும் கிழக்கு வாசலை வருடத்தில் சில விசேஷ நாட்களில் மட்டுமே திறக்கிறார்கள். மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்து வந்து கப்பல்கள் பாறையில் மோதியதால் அடைத்ததாக ஊர்ப்பேச்சு. எனவே வடக்கு வாசல் வழியாகத்தான் நுழைய வேண்டும். எண்ணெய் விளக்கின் வெளிச்சத்தில் அந்த மூக்குத்தியைப் பார்க்க மாலை நேரமே நல்லது.

கோவிலுக்கு வெளியே பொட்டலம் போட்டு விற்கும் பலநிற மணலைப் பார்ப்பீர்கள். அம்மனுக்கும் சுசீந்திரம் கோவில் சுவாமியான தாணுமாலயனுக்கும் நடக்காமல் போன கல்யாணத்துக்குச் சேர்த்த அரிசிதான் மணலாக மாறியது என்று கதை. கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். இந்தக் கனிமங்களுக்காகவே மணவாளக்குறிச்சியில் மணல் ஆலை இருக்கிறது. பொட்டலத்தில் இருப்பது சாயம் ஏற்றிய மணலாகவும் இருக்கலாம். காசு கொடுக்காமலே வட்டக்கோட்டைக் கரையில் அசல் கறுப்பு மணலைப் பார்க்கலாம்.

இரண்டாம் நாள்: உதயமும் படகும்

உதய நேரத்துக்கு முப்பது நிமிடம் முன்பே முக்கடல் சங்கமப் படித்துறைக்கு வந்துவிடுங்கள். பாறையும் சிலையும் கிழக்குப் பக்கம் வருவதால் படம் நன்றாக அமையும். அடிவானத்தில் மேகப்பட்டை இருப்பது இங்கே சகஜம். சூரியன் கடலிலிருந்து எழுவது தெரியாமல், பத்து நிமிடம் கழித்து மேகத்துக்கு மேலே தலைகாட்டும். கூட்டம் "இன்னைக்கு இல்ல" என்று கலைந்து போன பிறகுதான் நல்ல வெளிச்சம் வரும். அவசரப்பட்டுக் கிளம்பாதீர்கள்.

அங்கிருந்து நேராகப் படகுத்துறைக்குப் போங்கள். காலை உணவுக்கு அறைக்குத் திரும்பிவிட்டு ஒன்பது மணிக்கு வந்தால் வரிசை இரண்டு, மூன்று மடங்கு ஆகியிருக்கும். இட்லியைப் பொட்டலமாக வாங்கி வரிசையிலேயே சாப்பிடுங்கள். பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகம்தான் படகு விடுகிறது. சாதாரணக் கட்டணம், சிறப்புக் கட்டணம் என்று இரண்டு உண்டு; சிறப்புக் கட்டணம் பல மடங்கு அதிகம், ஆனால் வரிசை குறையும். சாதாரண வார நாளில் அதற்குப் பணம் கொடுப்பது வீண். சனி, ஞாயிறு, பொங்கல் விடுமுறை, முதியவர்களோ கைக்குழந்தையோ கூட இருந்தால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள். படகில் உயிர்காப்பு உடுப்பு தருவார்கள்; ஈரமாகவும் வியர்வை நாற்றத்தோடும் இருக்கும், இருந்தாலும் வாரைக் கட்டிக்கொள்ளுங்கள்.

படகு ஏன் நிற்கிறது என்று தெரிந்துகொண்டால் திட்டம் போட வசதி. காற்றும் பெரிய அலையும் ஒரு காரணம், அது கண்ணுக்கே தெரியும். கண்ணுக்குத் தெரியாத காரணம் நீர்மட்டம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் காலையில் கடல் உள்வாங்கி, படகு தரைதட்டும் அபாயம் வரும். கடல் கண்ணாடிபோல் இருக்கும்போதும் "படகு இல்லை" என்பார்கள். அப்படிப்பட்ட நாளில் சில மணி நேரத்தில் மட்டம் ஏறியதும் தொடங்கிவிடுவது வழக்கம். கலைந்து போகாமல் கேட்டுக்கொண்டே இருங்கள். சித்ரா பௌர்ணமியன்று மேற்கே சூரியன் இறங்குவதையும் கிழக்கே நிலா எழுவதையும் சேர்த்துப் பார்க்க வருகிறவர்கள், படகுக்கு அதே நாளை நம்பாமல் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ள வேண்டும்.

படகு கொண்டுபோய் விடும் பாறை, விவேகானந்தர் 1892 டிசம்பர் கடைசியில் மூன்று நாள் தியானம் செய்த இடம். நினைவு மண்டபத்தை 1970 செப்டம்பர் 2-ல் திறந்தார்கள். அங்கே தனி நுழைவுச்சீட்டு எடுக்க வேண்டும், செருப்பையும் கழற்ற வேண்டும். பத்தரைக்கு மேல் கருங்கல் தரை காலைச் சுடும். பையில் ஒரு ஜோடி சாக்ஸ் வைத்திருந்தால் தப்பித்தீர்கள். முதலில் ஸ்ரீபாத மண்டபம், பிறகு விவேகானந்தர் மண்டபம், அதன் கீழே தியான மண்டபம். தியான மண்டபத்தில் பத்து நிமிடமாவது உட்காருங்கள். குழந்தைகள் பேசினால் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

முன்பெல்லாம் வள்ளுவர் சிலைக்குப் படகு போவதே அபூர்வம். அதைச் சுற்றிப் பாறைகள் அதிகம் என்பதால் நீர்மட்டம் சிறிது தாழ்ந்தாலும் விட மாட்டார்கள். 2024 டிசம்பர் 30-ல் இரண்டு பாறைகளுக்கும் நடுவே 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலம் திறந்த பிறகு அந்தக் குறை தீர்ந்தது. விவேகானந்தர் பாறையில் இறங்கினால் போதும், நடந்தே போய்விடலாம். கண்ணாடிமேல் நடக்கத் தலைசுற்றுகிறவர்கள் காலடியைப் பார்க்காமல் எதிரே சிலையைப் பார்த்து நடந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

கணபதி ஸ்தபதி வடித்த சிலை, 2000 ஜனவரி 1-ல் திறந்தது. மொத்தம் 133 அடி, அதிகாரத்துக்கு ஒன்று. 38 அடி பீடம் அறத்துப்பாலுக்கு. அதன்மேல் நிற்கும் 95 அடி உருவம் பொருளுக்கும் இன்பத்துக்கும். பீடத்துக்குள் படியேறி வள்ளுவர் பாதம் வரை போகலாம். இடுப்பில் உள்ள லேசான ஒசிவைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். நேர் எதிரே எடுக்கும் படத்தில் அது வராது.

பதினொரு மணிக்குள் கரைக்குத் திரும்பிவிடலாம். மதியம் ஓய்வு. மூன்றரைக்கு வட்டக்கோட்டைக்கு ஆட்டோ பிடியுங்கள், ஆறேழு கிலோமீட்டர்தான். ஏறும் முன்பே "போய், ஒரு மணி நேரம் நின்று, திரும்பி வர" என்று மொத்தமாகப் பேசிவிடுங்கள். அங்கிருந்து திரும்பும் ஆட்டோ கிடைப்பது கஷ்டம். கருங்கல் கோட்டை, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை. நம் பார்வையில், ஊருக்குள் இருக்கும் மெழுகுச்சிலைக் கூடங்களுக்குச் செலவழிக்கும் நேரத்தையும் காசையும் இங்கே செலவழிப்பது மேல்.

கடலில் இறங்குவது பற்றி

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். குமரிமுனை நீச்சலுக்கான கடற்கரை அல்ல. சங்கமத்தில் தடுப்புச் சுவருக்கு உட்பட்ட இடத்தில் முங்கி எழலாம், அவ்வளவுதான். பாறைகளில் பாசி வழுக்கும். ஒரு அலை ஓய்ந்ததும் அடுத்ததும் அதே அளவுதான் வரும் என்று நினைத்துப் பாறை நுனியில் நின்று படம் எடுப்பவர்கள்தான் அதிகம் விழுகிறார்கள்.

மேற்குக் கரையில் ஆபத்து வேறு வகை. சொத்தவிளை, சங்குத்துறை, லெமூர் எல்லாம் அகன்ற, அழகான மணல்வெளிகள். முழங்கால் தண்ணீரில் நின்றாலும் காலடி மணலை அரித்து உள்ளே இழுக்கும். இதோடு கள்ளக்கடல் என்று மீனவர்கள் சொல்லும் ஒன்று உண்டு. தொலைதூரக் கடலில் எங்கோ எழுந்த பேரலை, இங்கே காற்றோ மழையோ எதுவும் இல்லாத நாளில் திடீரென்று கரையேறும். 2024 மே மாதம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தது அப்படிப்பட்ட எச்சரிக்கை இருந்த நாளில்தான். செய்தியில் "கள்ளக்கடல் எச்சரிக்கை" என்று வந்தால், வானம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அன்று மணலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கரையில் நிற்கும் மீனவர் ஒருவர் "இறங்காதீங்க" என்றால் விவாதம் வேண்டாம்.

மூன்றாம் நாள்: உள்நாடு

இந்த நாள் திங்கட்கிழமையாக இருக்கக் கூடாது. பத்மநாபபுரம் அரண்மனை திங்களன்று விடுமுறை. திங்கள் வந்துதான் தீரும் என்றால் இரண்டாம், மூன்றாம் நாளை மாற்றிக்கொள்ளுங்கள்.

வாடகைக் கார் எடுப்பது நல்லது. பேருந்தில் போனால் அரண்மனையோடு நாள் முடிந்துவிடும். காலை ஏழுக்குக் கிளம்பி சுசீந்திரம். தாணுமாலயன் கோவிலும் முற்பகலிலேயே நடை சாத்தும். இங்கும் ஆண்களுக்குச் சட்டை கிடையாது. ஏழு நிலைக் கோபுரம், தட்டினால் சுரம் பேசும் ஒற்றைக்கல் தூண்கள், ஓங்கி நிற்கும் ஆஞ்சநேயர்: முக்கால் மணி நேரம். வெளியே வந்ததும் குளத்தையும் வயலையும் பாருங்கள். குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வரும் சுசீந்திரம்–தேரூர் ஈரநிலம் இதுதான், 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது.

அங்கிருந்து நாகர்கோவில் வழியாகத் தக்கலை. பத்மநாபபுரம் அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளது. திருவிதாங்கூர் 1795 வாக்கில் தலைநகரைத் திருவனந்தபுரத்துக்கு மாற்றும்வரை ஆட்சி இங்கிருந்துதான். காலை 9 மணிக்குத் திறப்பார்கள். மதியம் 1 முதல் 2 வரை இடைவேளை. பன்னிரண்டு மணிக்குப் போய் மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. ஒன்றரை, இரண்டு மணி நேரம் வேண்டும். செருப்பில்லாமல், குறுகலான மர ஏணிப்படிகளில் ஏறி இறங்கிப் பார்க்கும் இடம். முட்டிவலிக்காரர்கள் பழைய அரண்மனைப் பகுதியான தாய்க் கொட்டாரத்தையும் உணவுக்கூடமான ஊட்டுபுரையையும் மட்டும் பார்த்தால் போதும். கறுப்பாக மின்னும் தரையைக் கையால் தொட்டுப் பாருங்கள், சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு கலந்து மெழுகியது என்கிறார்கள்.

திரும்பும் வழியில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. 1741 குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் பிடிபட்டு, பிறகு அவருக்கே படைத்தலைவரான டச்சுப் படை அதிகாரி டிலனாயின் கல்லறை உள்ளே இருக்கிறது. வரலாற்றில் ஆசை இல்லாதவர்கள் தாண்டிப் போகலாம்.

மதியத்துக்குமேல் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். ஒன்று, மலைப்பக்கம்: கால்வாய்த் தண்ணீரைக் கொண்டுபோகும் 115 அடி உயர மாத்தூர் தொட்டிப்பாலம், பிறகு குலசேகரம் தாண்டித் திற்பரப்பு அருவி. கோதையாற்றுத் தண்ணீர் என்பதால் பெரும்பாலான மாதங்களில் வரத்து உண்டு, குழந்தைகள் குளிக்க ஏற்றது. அணையிலிருந்து உபரிநீர் திறந்தால் மட்டும் குளிக்கத் தடை போடுவார்கள். மழைநாட்களில் விசாரித்துவிட்டுப் போங்கள். இன்னொன்று, கடல்பக்கம்: குளச்சல், முட்டம், அஸ்தமனம். இரண்டையும் ஒரே மாலையில் அடக்கப் பார்த்தால் முட்டத்துக்கு இருட்டிய பிறகுதான் போய்ச் சேர்வீர்கள்.

சாப்பாடு

குமரிமுனைக் கடைத்தெரு உணவகங்கள் வடநாட்டுச் சுற்றுலாக் கூட்டத்தை நம்பி நடப்பவை. உள்ளூர்ச் சுவை நாகர்கோவிலிலும் தக்கலை, மார்த்தாண்டம் பக்கமும்தான். புட்டும் கடலையும் பப்படமும், மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும், தேங்காய் வறுத்தரைத்த தீயல், மாலையில் டீக்கடை ரசவடை. மீன்கறியில் தேங்காய் நிறைய இருக்கும். நெல்லை, மதுரைக் குழம்பை எதிர்பார்த்தால் முதல் நாள் விசித்திரமாக இருக்கும், மூன்றாம் நாள் பழகிவிடும். சோற்றுக்குத் தடித்த சம்பா அரிசி பிடிக்காவிட்டால் "பச்சரிசியா, சம்பாவா" என்று முதலிலேயே கேளுங்கள். முழுமீன் பொரித்துத் தரும் கடைகளில் மீனைக் காட்டி, எடை போட்டு, விலை பேசிய பிறகு அடுப்பில் போடச் சொல்லுங்கள்.

மீன் தடைக்காலம் இந்த மாவட்டத்தில் இரட்டை. கிழக்குக் கரையான சின்னமுட்டத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையும், மேற்குக் கரையான குளச்சல் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரையும் விசைப்படகுகள் போகாது. ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் அடைப்பு. வள்ளங்கள் கொண்டுவரும் சாளையும் நெத்திலியும் அப்போதும் கிடைக்கும், நெய்மீன் விலை மட்டும் எட்டாது.

பழக்கடையில் மட்டிப்பழம் கேளுங்கள். விரல் நீளம், தனி மணம், 2023-ல் புவிசார் குறியீடு பெற்றது. தோல் மெல்லியது, பயணத்தில் நசுங்கிவிடும் என்பதால் கொண்டுபோக நினைக்காமல் இங்கேயே தின்றுவிடுங்கள். கோடையில் வந்தால் அக்கானி, அதாவது பதநீர், காலை ஒன்பது மணிக்குள் குடிக்க வேண்டும். வெயில் ஏறினால் புளிக்கத் தொடங்கும். ஊருக்குக் கொண்டுபோக ஏத்தங்காய் சிப்ஸும் கிராம்பும் கருப்பட்டியும் வாங்கலாம். சிப்ஸை முனைக் கடைகளில் வாங்காமல் நாகர்கோவிலில் கண்முன் பொரிக்கும் கடையில் வாங்குங்கள், எந்த எண்ணெய் என்பதைக் கேட்டுக்கொண்டு.

நான்காம் நாள் திருநெல்வேலி வழியாகக் காரில் திரும்புகிறவர்கள் விடியலிலேயே கிளம்பித் தோவாளையில் நிறுத்துங்கள். பூச்சந்தை காலை எட்டு மணிக்கெல்லாம் சோர்ந்துவிடும். பிச்சிப்பூ மொட்டாக வாங்கி, வாழையிலையில் கட்டி, ஏசி காற்று நேராகப் படாத இடத்தில் வைத்தால் மதுரை தாண்டும் வரை வாடாது.